வீட்டில் செவிச்சே: மீன், புளிப்பு, நேரம் – செய்து பழகியவர்களின் அனுபவப் பகிர்வு

செவிச்சே என்பது பச்சை மீனை அடுப்பில் வைக்காமல் எலுமிச்சைச் சாற்றில் ஊற வைத்துச் சாப்பிடும் லத்தீன் அமெரிக்க உணவு. அதன் பெரு நாட்டு முறையை நாலு பேருக்கான அளவோடு எழுதுகிறேன். முள், தோல் நீக்கிய வெள்ளைச் சதை மீன் 500 கிராம். சின்ன எலுமிச்சை 12 முதல் 15. சாறு 180 மில்லி தேற வேண்டும். பெரிய வெங்காயம் ஒன்று, காரமான மிளகாய் ஒன்று, கொத்தமல்லித் தழை ஒரு கைப்பிடி, உப்பு 8 கிராம். எண்ணெய், தக்காளி, சர்க்கரை எதுவும் வேண்டாம்.

முதலில் வெங்காயத்தை வேரிலிருந்து நுனி நோக்கி நீளவாக்கில், எவ்வளவு மெல்லிசாக முடியுமோ அவ்வளவு மெல்லிசாக நறுக்கி ஐஸ் தண்ணீரில் 10 நிமிடம் போட்டு வையுங்கள். பிறகு துணியில் கொட்டி ஈரம் போக ஒற்றி எடுக்க வேண்டும். ஈரத்தோடு போட்டால் சாறு நீர்த்துப் போகும். கடையில் சாப்பிட்டது போல வரவில்லை என்பவர்களில் பாதிப் பேருக்குச் சிக்கல் இந்த இடத்தில்தான்.

மீனை 2 சென்டிமீட்டர் சதுரத் துண்டுகளாக, சதையின் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே வெட்டுங்கள். கண்ணாடி அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிண்ணத்தை 15 நிமிடம் ஃப்ரீசரில் வைத்து எடுத்து, அதில் மீனையும் உப்பையும் மட்டும் போட்டுக் கலந்து 2 நிமிடம் விடுங்கள். மீனின் மேல்புறம் லேசாகப் பிசுபிசுக்கும். உப்பு பிடித்துவிட்டது என்று அர்த்தம். புளிப்பு முதலில் போய்விட்டால் மேல்சதை இறுகிவிடும், உப்பு உள்ளே இறங்காது. அதன்பின் விதை நீக்கிப் பொடியாக நறுக்கிய மிளகாய், சாறு, நாலு ஐஸ்கட்டி. ஒரு சுற்றுச் சுற்றி, ஐஸ் கரைவதற்குள் எடுத்து எறிந்துவிடுங்கள். 5 முதல் 10 நிமிடம் போதும். ஒரு துண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். ஓரம் சுண்ணாம்பு வெள்ளையாகவும் நடு இன்னும் கண்ணாடி போலவும் இருந்தால் வெங்காயம், கொத்தமல்லி சேர்த்து உடனே பரிமாறலாம். அரை மணி தாண்டினால் சதை மாவாகும். அதற்கும் மேல் ஊறினால் வறண்டு நார் நாராகும்.

பழைய பெரு வீடுகளில் மணிக்கணக்கில் ஊற வைத்தார்கள். நிமிடக் கணக்குக்கு இறக்கியதில் அங்கே குடியேறிய ஜப்பானிய வம்சாவளிச் சமையல்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பழைய பாணியை விரும்புகிறவர்களோடு சண்டை இல்லை. ஆனால் நல்ல மீனை வாங்கி நாலு மணி நேரம் ஊறப்போடுவது வீண்செலவு.

*

எலுமிச்சை பற்றி ஒன்று சேர்க்கிறேன். பெருவில் இதற்கென்றே பயன்படும் "லிமோன் சுட்டில்" என்ற எலுமிச்சை, தாவர வகைப்படி தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கிடைக்கிற அதே சின்னத் தேசிக்காய்தான். ஆகவே ஊரில் இருக்கிறவர்களுக்கு வாசியான விஷயம். கனடா, ஐரோப்பாவில் சூப்பர் மார்க்கெட்டில் விக்கிற விதையில்லாப் பெரிய பச்சை லைம் வேற சாதி. புளிப்பு ஓரளவு குறைவு, வாசமும் குறைவு. அதைப் பாவிச்சால் ஐஸைக் குறைச்சுக்கொள்ளுங்கோ. மஞ்சள் லெமன் வேண்டாம்.

பிழியிற விதமும் முக்கியம். பாதியாக வெட்டி, கையால் ஒரே ஒரு தடவை அமத்திப் பிழிஞ்சிட்டு விட்டிட வேணும். கடைசிச் சொட்டு வரைக்கும் முறுக்கினால் வெள்ளைத் தோலின்ர கசப்பும் தோல் எண்ணெயும் இறங்கும். பிழிஞ்சு வைச்ச சாறும் நேரம் போகப் போகக் கைக்கத் தொடங்கும், அதனால மீன் வெட்டின பிறகுதான் பிழியுங்கோ. போத்தல் சாறு பற்றிக் கதைக்கவே தேவையில்லை.

*

மேலே இருவரும் சொன்னது ருசிக் கணக்கு. பாதுகாப்புக் கணக்கு வேறு, அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

எலுமிச்சை மீனை "வேக வைக்கிறது" என்று பலர் எழுதுகிறார்கள். அமிலம் புரதத்தின் வடிவத்தைக் குலைக்கிறது, அதனால் சதை வெளுத்து இறுகுகிறது. சூடு செய்வதில் பாதி வேலை அவ்வளவே. மற்றப் பாதியான கிருமி, புழு ஒழிப்பு நடப்பதில்லை. அனிசாகிஸ் என்ற உருளைப்புழு எலுமிச்சைச் சாற்றில் சாகாது. பெரு கடற்கரையில் கடல்மீன் வழியாகவே பரவும் நாடாப்புழு ஒன்றும் உண்டு. 1991-ல் பெருவில் காலரா பரவியபோது செவிச்சே கடைகள் வெறிச்சோடிப் போனதற்கும் பச்சை மீனில் கிருமி இருக்கும் என்ற பயம்தான் காரணம். புளிப்பு காலராக் கிருமியைக் குறைக்கும்; ஆனால் முழுதாக ஒழித்துவிடும் என்று நம்பி 5 நிமிட ஊறலில் இறங்கக்கூடாது.

புழுவுக்கு மருந்து உறைகுளிர். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அளவு: மைனஸ் 20 டிகிரியில் 7 நாள், அல்லது மைனஸ் 35-ல் கெட்டியாக உறைந்தபின் அதே குளிரில் 15 மணி நேரம். வீட்டு ஃப்ரீசர் பெரும்பாலும் மைனஸ் 18-ல்தான் ஓடும், கதவைத் திறந்து மூடினால் இன்னும் ஏறும். குளிர் அளவை அடிமட்டத்துக்குத் திருப்பி வைத்து, உள்ளே ஒரு தெர்மாமீட்டர் போட்டுப் பார்க்காமல் "7 நாள் வைத்தேன்" என்பதில் பொருளில்லை. மீனைத் தட்டையாக, ஒரு விரல் கனத்துக்கு மேல் போகாமல், காற்று நீக்கிப் பையில் அடைத்து உறையவிடுங்கள். இரவு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, பாதி இளகிய நிலையிலேயே வெட்டினால் துண்டுகள் ஓரம் சிதையாமல் வரும். உறைந்து இளகிய மீன் கொஞ்சம் நீர் விடும்; ஒற்றி எடுத்தால் தீர்ந்தது. "உறைய வைத்தது ஃப்ரெஷ் இல்லையே" என்ற வாதம் வந்துகொண்டே இருக்கும். மீன் உறைவதற்கு முன் எப்படி இருந்தது என்பதுதான் கேள்வி.

உறைகுளிர் பாக்டீரியாவைக் கொல்லாது, தூங்க வைக்கும், அவ்வளவுதான். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், கல்லீரல் நோய் அல்லது எதிர்ப்புச் சக்திக் குறைவு உள்ளவர்கள் இதைச் சாப்பிடாமல் இருப்பதே சரி.

ஆற்று மீன், ஏரி மீன், குளத்து மீன் கூடவே கூடாது. மெக்சிகோவிலும் ஈக்வடாரிலும் நன்னீர் மீன் செவிச்சே சாப்பிட்டுத் தோலுக்கடியில் ஊர்கிற புழு ஏறியவர்களைப் பற்றி மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. திலேப்பியா மலிவு என்று இதில் போடுகிறவர்கள் கவனிக்கவும்.

*

இங்க தமிழ்நாட்டுல மீன் வாங்கறவங்களுக்கு: பெருவில் பயன்படுற மேரோ நம்ம களவா இனம், லெங்குவாதோ நாக்கு மீன் மாதிரி தட்டை மீன். அதனால களவா முதல் தேர்வு, கடல்ல பிடிச்ச கொடுவா அடுத்தது. வஞ்சிரத்துக்குக் காசைக் கொட்ட வேண்டாம். அது கானாங்கெளுத்தி, சூரை குடும்பம். ஐஸ் கொஞ்சம் அசந்தாலும் சதையில ஹிஸ்டமின்ங்கற, ஒவ்வாமை மாதிரி உபாதை தர்ற நச்சு சேரும். அப்படிச் சேர்ந்ததை உறைய வச்சாலும் போகாது, கொதிக்க வச்சாலும் போகாது. நாக்குல சுருக்குனு மிளகு மாதிரி கடிச்சா துப்பிடுங்க.

முழு மீனா வாங்குங்க. செவுள் ரத்தச் சிவப்பா இருக்கணும், வழவழப்பு தெளிவா இருக்கணும், விரலால அழுத்தினா குழி உடனே எழும்பணும். மீன் வெட்டறவங்க "குழம்புக்கா, வறுக்கவா?"ன்னு கேட்டு அவங்க கைப்பழக்கத்துல முள்ளோட வட்டமா போட்டுடுவாங்க. அது இதுக்கு உதவாது. வயித்தை மட்டும் அங்கேயே சுத்தம் பண்ணச் சொல்லுங்க, ஏன்னா மீன் செத்ததும் குடல்ல இருக்கிற புழு சதைக்கு நகர ஆரம்பிக்கும். சதையைப் பிரிக்கிற வேலையை வீட்ல வச்சுக்கோங்க. மார்க்கெட் கட்டையில நூறு மீன் வெட்டியிருப்பாங்க, அந்தக் கட்டையில பச்சையா சாப்பிடற மீன் படவே கூடாது. வீட்ல முழு மீனைக் கழுவித் துடைச்சிட்டு, கத்தியையும் பலகையையும் மாத்திட்டுத்தான் சதை எடுக்கணும். எடுத்த சதையில தண்ணி படக்கூடாது. நடுவுல ஓடுற கருஞ்சிவப்புப் பட்டையை வெட்டி எறிங்க, கவிச்சி அதுலதான். மீன் முள்ளுக்குப் புருவம் பிடுங்கற ட்வீசர் போதும்.

*

வெட்டும்போது மிஞ்சுகிற ஓரங்களை வைத்து லெச்சே தே டிக்ரே, அதாவது "புலிப் பால்" என்ற செவிச்சே சாற்றை அரைக்கலாம். மேலே சொன்ன வெறும் சாற்றுக்குப் பதில் இதை ஊற்றினால் ருசி ஒரு படி ஏறும். மீன் ஓரம் 50 கிராம், எலுமிச்சைச் சாறு 120 மில்லி, குளிர்ந்த மீன் தலைச் சாறு 60 மில்லி, கால் வெங்காயம், பூண்டு ஒரு பல், இஞ்சி ஒரு சென்டிமீட்டர், செலரித் தண்டு விரல் நீளம், ஐஸ்கட்டி நாலு, உப்பு அரை டீஸ்பூன்.

மிக்ஸியில்தான் கெடும். ஜாரைக் குளிர வைத்து, விட்டு விட்டு மூன்று தடவை, ஒவ்வொன்றும் ஐந்து நொடிதான் ஓட்ட வேண்டும். தொடர்ந்து ஓடவிட்டால் சூடாகி மீன் புரதம் நுரை கட்டும். கொத்தமல்லியை அரைக்காமல், தண்டை மட்டும் நசுக்கி 5 நிமிடம் ஊறப்போட்டு வடிகட்டுங்கள், இல்லாவிட்டால் பச்சைச் சட்னி நிறம் வரும். வடிகட்டியது பால் கலந்த மோர் நிறத்தில் இருக்கும்.

மிளகாய்க்கு அங்கே அஹி லிமோ, ரொகோட்டோ. நம் பச்சை மிளகாயில் காரம் உண்டு, அந்தப் பழ வாசம் கிடையாது. ஹபனேரோ கிடைத்தால் அஹி லிமோவோடு ஒரே இனம். கால் மிளகாய் போதும்.

*

கூட வைக்க வேண்டியது: தோலோடு வேகவைத்து ஆறிய சர்க்கரைவள்ளிக்கிழங்கு இரண்டு கனத்த வட்டம், வேகவைத்த மக்காச்சோளம். ஸ்வீட் கார்ன் ரொம்பத் தித்திக்கும், முற்றின கதிர் மேல். கிழங்கு சூடாக இருந்தால் தட்டில் மீன் வெந்துவிடும், ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள்.

பச்சை மீனுக்கு மனசு ஒப்பவில்லை என்றால் ஈக்வடார் வழி இருக்கிறது. இறாலை உப்புத் தண்ணீரில் முழுதாக வேகும் வரை, அதாவது நடுவில் கண்ணாடி நிறம் மறையும் வரை கொதிக்கவிட்டு, ஐஸில் ஆற்றி, எலுமிச்சை, ஆரஞ்சு, தக்காளிச் சாற்றில் போட்டு, பாப்கார்னும் வாழைக்காய் சிப்ஸும் வைத்துச் சாப்பிடுகிறார்கள். அதில் அரை மணி ஊறினாலும் கெடுதி இல்லை.

மிச்சத்தை மறுநாளுக்கு வைக்காதீர்கள். மீன் தீர்ந்து கிண்ணத்தின் அடியில் நிற்கிற சாற்றைச் சின்ன டம்ளரில் ஊற்றி அப்போதே குடித்துவிட வேண்டியதுதான்.