நீளமான வெப்காமிக்கில் பாத்திர வளர்ச்சி: ‘தி ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்’ எங்கே ஜெயிக்கிறது, எங்கே தொய்கிறது?

வெருலம்_வரைகோல் கேட்டது:

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றி, வாரம் ஒரு பக்கம் என்று தமிழில் வெப்காமிக் (இணையப் படக்கதை) போடத் திட்டம். கதை 1896இல் டர்பன் துறைமுகத்தில் தொடங்கி 1914இல் முடியும். மொத்தம் சுமார் 250 பக்கம், அதாவது கிட்டத்தட்ட ஐந்து வருஷம்.

முன்மாதிரியாக எடுத்திருப்பது ‘தி ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்’, ஒரு சாகசக் குழுவைப் பற்றிய ஆங்கில மாயாஜால வெப்காமிக். 2003 செப்டம்பரில் தொடங்கியது, ஆயிரம் ஸ்ட்ரிப்பை (ஒரு தடவை வெளியாகும் படத் துண்டு) தாண்டிவிட்டது, இன்னும் ஆள் விடாமல் படிக்கிறார்கள். குச்சி மனிதர்கள்தான், ஆனாலும் பாத்திரங்கள் மனதில் நிற்கின்றன. எந்த உத்தியால் அது நடக்கிறது? எந்த இடத்தில் கதை தளர்கிறது? விவரமாகச் சொல்லுங்கள். கதை முடிச்சுகள் அவிழும் என்பதால் படிக்காதவர்கள் கவனம்.

டொங்காட்_வாசகி எழுதியது:

தம்பி, முதலில் நாயகர் குழுவின் மந்திரவாதி வார்சூவியஸை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொடரின் மிகச் சிறந்த கட்டுமானம் அதுதான்.

காட்டில் அந்த மந்திரவாதி ஓர் இளம் கறுப்பு டிராகனைக் கொல்கிறார். அந்த நேரத்தில் அது வெறும் சண்டைக் காட்சி, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பல நூறு ஸ்ட்ரிப் கழித்து அதன் தாய் பழிவாங்க வருகிறது, வார்சூவியஸின் பிள்ளைகளைக் குறிவைக்கிறது. பிள்ளைகளைக் காப்பாற்ற அவர் நரகத்துப் பிசாசுகளோடு ஒப்பந்தம் போட்டு, கிடைத்த சக்தியில் அந்த டிராகனின் ரத்த வழி முழுவதையும் ஒரே மந்திரத்தில் அழிக்கிறார். அது 639ஆம் ஸ்ட்ரிப். பிறகு இருநூறு ஸ்ட்ரிப் போல ஓடிவிடுகிறது. நாயகர்கள் தேடிப்போன, உலகைக் காக்கும் மந்திர வாயில் ஒன்றைக் காத்துவந்த குடும்பம் மொத்தமும் உட்கார்ந்த இடத்திலேயே செத்துக்கிடக்கிறது. காரணம், அந்தக் குடும்பத்தில் டிராகன் ரத்தம் கலந்திருக்கிறது. அதாவது தன் குழுவின் பணியைக் கெடுத்தவரே வார்சூவியஸ்தான்.

இங்கே ‘நான் தப்புச் செய்துவிட்டேன்’ என்று நாலு கட்டத்தில் அழவைத்து வளர்ச்சியைக் காட்டவில்லை. செய்த செயல் கதையின் போக்கையே திருப்பிக்கொண்டு வந்து முன்னால் நிற்கிறது. அதற்குப் பிறகு அவர் மந்திரம் போடத் தயங்கினால் நாம் நம்புகிறோம்.

அதே குழுவின் பெல்கர் வேறு வகை. இந்த வருஷத்துக்குள் சாவாய் என்று அவனுக்கு ஆரூடம். கொலைவெறி பிடித்த அந்தக் குள்ளனுக்குக் கனவு போன்ற ஒரு காட்சியில் கிடைக்கும் யோசனை, ‘திருந்தியது போல நடி’ என்பது. நடிக்கத் தொடங்குகிறான். முதலில் பூனையிடம் பாசம். பிறகு தன்னைக் காப்பாற்ற வந்த குழுத் தோழன் டர்கன் அதற்காக உயிரையே விட்டபோது வந்த துக்கம். நடிப்பு எந்தப் பக்கத்தில் நிஜமானது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. அப்படிக் காட்ட முடியாததுதான் சரி. மாற்றத்தை ஒரே காட்சியில் வைத்தால் அது செயற்கையாகிவிடும்.

பீனிக்ஸ்_கட்டம் எழுதியது:

அக்கா சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். ஆரம்ப ஸ்ட்ரிப்புகள் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டின் விதிகளை வெறுமனே கேலி செய்தவை. முதல் ஸ்ட்ரிப்பே அந்த விதிகள் 3.0 பதிப்பிலிருந்து 3.5க்கு மாறும் நகைச்சுவை. 120ஆம் ஸ்ட்ரிப் வாக்கில் குழுவின் ஏலன் தொடக்கூடாததைத் தொட்டுக் கோட்டையையே தகர்க்கிறான், நாம் சிரிக்கிறோம். 270களில்தான் உலகைக் காக்கும் ஐந்து வாயில்களில் ஒன்று அந்த வெடிப்போடு போனது என்று தெரிகிறது. பழைய சிரிப்பை எடுத்துக் கதைக்கு அஸ்திவாரமாகப் போட்டதால் வாசகர் ஏமாறவில்லை, திரும்பிப் போய்ப் படிக்கிறார்.

இனி பலவீனம். குழுத் தலைவன் ராய் 443இல் சாகிறான், உயிர்த்தெழுவது 660களில். அதே சமயம் குழுவும் பிரிகிறது. ஹேலியும் பெல்கரும் எதிரி பிடித்த நகரத்தில், மற்றவர்கள் கடலில், ராய் மேலுலகத்தில். மூன்று இடத்துக்கும் முறை வைத்துப் போனால் ஒவ்வொரு இடமும் நகர்வது மூன்றில் ஒரு பங்கு. புத்தகமாகப் படித்தால் அவ்வளவு உறுத்தாது. ஸ்ட்ரிப் ஸ்ட்ரிப்பாகக் காத்துப் படித்தவர்களுக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் நாயகன் பிணம். இதை நான் கடுமையான குறை என்றே சொல்வேன்.

இன்னொன்று வில்லன் ரெட்க்ளோக். அவனுடைய கசப்பின் வேர், தன் தம்பியையே கொன்ற கதை, தனியாக விற்கப்படும் முன்கதைப் புத்தகத்தில் இருக்கிறது. இணையத்தில் மட்டும் படிப்பவருக்கு அவன் பிடிவாதம் பாதிதான் புரியும். முக்கியக் காரணத்தைத் தனிப் புத்தகத்தில் வைக்காதீர்கள்.

டொங்காட்_வாசகி எழுதியது:

ரெட்க்ளோக் பற்றி ஒரு திருத்தம். நகரத்தைப் பிடிக்கும் படையெடுப்பின்போது அவன் படையில் உள்ள ஹாப்காப்ளின் என்ற இனத்தவன் ஒருவன் அவனுக்காக உயிரைக் கொடுக்க, அதுவரை அவர்களைத் தீனியாக அனுப்பிக்கொண்டிருந்தவன் நின்று யோசிக்கிறான். அந்தத் திருப்பம் இணையத்திலேயே முழுமையாக இருக்கிறது. முன்கதை வேண்டும், ஆனால் அது இல்லாமலும் அவன் நிற்பான்.

சாட்ஸ்வர்த்_பலகை எழுதியது:

வரைகோல், உங்கள் கதைக்கே வருகிறேன். பின்னால் திரும்பிவந்து கடிக்கும் செயல் வேண்டுமென்றால் எங்கும் தேட வேண்டாம், நேட்டாலின் 1895 ஒப்பந்தக் கூலிச் சட்டத்திலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு ஒப்பந்தம் போட்டவர் ஐந்து வருஷம் முடிந்ததும் மறுபடி ஒப்பந்தம் போட வேண்டும், அல்லது ஊர் திரும்ப வேண்டும். இரண்டும் இல்லையென்றால் தலைக்கு வருஷம் 3 பவுண்டு வரி.

1896இல் கைநாட்டு வைத்தால் 1901இல் சட்டம் கடிக்கும். சம்பளம் முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், ஐந்தாம் வருஷம் 14. 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங், நாலு மாதச் சம்பளத்துக்கும் மேல். 1903இல் பிள்ளைகளுக்கும் நீட்டினார்கள்: பையனுக்கு 16, பெண்ணுக்கு 13 வயதானால் வரி. 1897இல் பிறந்த மகளுக்கு 1910இல் வரி விழும். அப்பா அன்று வைத்த கைநாட்டை மகள் சுமக்கிறாள். இந்த வரியை எதிர்த்து நடந்த 1913 வேலைநிறுத்தத்தில் அவளுக்கு 16 வயது, 1914இல் வரி ஒழிகிறது. உங்கள் கடைசி அத்தியாயம் தானாக வந்து விழுகிறது.

வேலையைத் தொடங்குமுன் ஒரு தாளில் நாலு பத்தியுள்ள அட்டவணை போடுங்கள்: பாத்திரம், செய்த செயல், நடந்த பக்க எண், விளைவு திரும்பும் பக்க எண். நாலாவது பத்தி காலியாக இருக்கும் செயலைப் பெரிதாக வரையாதீர்கள். முக்கியப் பாத்திரம் யாரும் 12 பக்கத்துக்கு மேல் காணாமல் போகக் கூடாது, வாரம் ஒரு பக்கம் என்றால் அதுவே மூன்று மாதம். குடும்பத்தை ஆலை, வயல், நகரம் என்று மூன்றாகப் பிரிக்க ஆசை வரும். இரண்டோடு நிறுத்துங்கள்.

வெருலம்_வரைகோல் எழுதியது:

நன்றி அண்ணா, அக்கா. மகளை 1897இல் பிறக்கவைக்கிறேன். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், அப்பா பெயர், வயது, ஊர், உடம்பு அடையாளம் எல்லாம் குறிப்பார்களே, அந்த எண்ணை முதல் பக்கத்தில் வைக்கலாமா?

பீனிக்ஸ்_கட்டம் எழுதியது:

வையுங்கள், ஆனால் விளக்காதீர்கள். கழுத்தில் தகர வில்லை, அதில் எண், அவ்வளவுதான். 1901ஐக் காட்டும் பக்கத்தில் அதே எண்ணை வரிக் கணக்கில் எழுதும் ஒரு கையை வரையுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடாத சர்தார் (தோட்டத்து மேஸ்திரி) 30ஆம் பக்கத்தில் அந்த எண்ணைக் கத்திச் சொல்லட்டும், வாசகர் மறக்கமாட்டார்.