புதுப்பிப்பு: ஹைக்குவில் ஒருவழியாக 1920×1080 வந்துவிட்டது

ஹைக்கு ஓஎஸ் (விண்டோஸ், லினக்ஸ் போல ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம்) 1024×768 ஸ்கிரீன் ரெசல்யூஷனைத் தாண்ட மறுக்கிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன் அல்லவா, சரியாகிவிட்டது. என் கிராஃபிக்ஸ் சிப்புக்கு அதில் டிரைவர் இல்லை, அதனால் பூட் நேரத்தில் யூஇஎஃப்ஐ (கணினியைத் தொடங்கிவைக்கும் ஃபர்ம்வேர்) கொடுக்கும் ஃபிரேம்பஃபரையே (ஸ்கிரீனில் தெரியும் படம் இருக்கும் மெமரி) அது வைத்துக்கொள்கிறது, அப்புறம் ஸ்கிரீன் அமைப்பில் எவ்வளவு நோண்டினாலும் ரெசல்யூஷன் மாறாது. பூட் ஆகும்போது ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே இருந்தால் பூட் லோடர் மெனு வரும் (நான் யூஇஎஃப்ஐக்கு முந்தைய பயாஸ் கணினிகளின் பழக்கத்தில் ஷிஃப்டை அழுத்தியே இரண்டு நாள் வீணடித்தேன்). அங்கே ஃபெயில்-சேஃப் வீடியோ மோடில் 1920×1080-ஐத் தேர்ந்தெடுத்தேன். அவ்வளவுதான்.

எழுத்து எறும்பு சைஸில் இருந்தது. அப்பியரன்ஸ் அமைப்பில் ஃபான்ட் சைஸை 16 ஆக்கியதும், ஆப்களை மூடித் திறந்தால் பட்டன், மெனு எல்லாமே கூடவே பெரிதாகிறது, இது உண்மையிலேயே அருமை.