குப்பைக் கிடங்குக்குள் ஆளை விடலாமா?

வடசென்னைவாசி:
கொடுங்கையூர் கிடங்கில் பழைய குப்பையைத் தோண்டிச் சலிக்கும் பயோமைனிங் வேலை நடக்கிறது. பொக்லைனும் லாரியும் ஓடுகிற இடத்தில் கோணியும் காந்தமுமாகக் குப்பை பொறுக்குகிற ஆட்கள் நுழைகிறார்கள். அடியோடு தடுக்க வேண்டும் என்பது என் கட்சி. 2022 ஏப்ரலில் தென்சென்னையின் பெருங்குடி கிடங்கு பற்றி எரிந்து, புகை அடங்க நாள்கணக்கானது. அப்படிப்பட்ட இடத்தில் மனுஷனுக்கு என்ன வேலை?

காயலான்கடை:
பிரிக்கிற வேலை, சார். எங்கள் கடைக்கு வரும் ஒரு அக்கா பாட்டிலை லேசாக நசுக்கிப் பார்த்தே இது பெட், இது எச்.டி. என்று பிளாஸ்டிக் ரகம் சொல்லிவிடுவார். சம்பளம் இல்லை, பி.எஃப். இல்லை, தராசில் வைத்தால்தான் காசு. வாசலை மூடினால் மறுநாளே அவர் வீட்டில் உலை கொதிக்காது.

வடசென்னைவாசி:
அந்த அக்காவின் கையைப் பார்த்தீர்களா? டயப்பர், ஊசி, உடைந்த ட்யூப்லைட் எல்லாம் கலந்து கிடப்பதை வெறுங்கையால் கிளறுகிறார்கள். செம்புக்காக ஒயரைக் கொளுத்துகிற புகை எங்கள் ஜன்னல்வரை வருகிறது. பிழைப்பு என்று சொல்லி இதற்கு நியாயம் கட்டாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
ஊசி எப்படி அங்கே போனது? நானும் நீங்களும் ஒரே கவரில் போட்டதால்தான். 2016 திடக்கழிவு விதிகளிலேயே பிரித்த குப்பையை அங்கீகாரம் பெற்ற பொறுக்குநரிடமே கொடுக்கலாம் என்று இருந்தது. கையுறை, காலணி, முகக்கவசம் தர வேண்டும் என்பதும் அதில்தான். புனேயில் 1993-லேயே இவர்கள் சங்கம் கட்டினார்கள். அதிலிருந்து முளைத்த ஸ்வச்ச் கூட்டுறவு, 2008 முதல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வீடு வீடாகக் குப்பை எடுக்கிறது. வீட்டுக்காரர் மாதக் கட்டணம் தருகிறார். விற்கிற சரக்கின் காசும் எடுத்தவருக்கே. கிடங்கில் நாறிப்போன பிறகு கிளறுவதும், வாசலில் காய்ந்த அட்டையாக வாங்குவதும் ஒன்றா?

வடசென்னைவாசி:
கேட்க நன்றாக இருக்கிறது. இங்கே வீட்டு வாசலுக்கு ஏற்கெனவே தூய்மைப் பணியாளர் வருகிறாரே, அவரை எங்கே அனுப்புவீர்கள்? நிரந்தர வேலைக்காக 2025-ல் அவரே போராடினார். ஒரு ஏழையின் வேலையைப் பிடுங்கி இன்னொரு ஏழைக்குக் கொடுப்பதா?

காயலான்கடை:
இது சரியான கேள்வி, நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வார்டுதோறும் உலர் குப்பையைப் பிரிக்கிற இடத்துக்கு ஆள் வேண்டுமே. அங்கே கூரை இருக்கும், குழாய்த் தண்ணீர் இருக்கும். இவர்களை அங்கே எடுக்கலாம். அதை விட்டு, அள்ளுகிற டன்னுக்கு இவ்வளவு காசு என்று ஒப்பந்தம் போட்ட ஊர்களில் என்ன நடக்கிறது? பொறுக்கி எடுக்கிற ஒவ்வொரு கிலோவும் ஒப்பந்தக்காரருக்கு நஷ்டம். பாதுகாப்பு என்று சொல்லித்தான் விரட்டுகிறார்கள்.

வடசென்னைவாசி:
என்னை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், எனக்கு டெண்டர் கிடையாது! சரி, வேலை கொடுங்கள். கிடங்கில் இருப்பவர்களில் ரேஷன் கார்டு இல்லாதவர்களும் உண்டு, வெளிமாநிலத்தாரும் உண்டு. அவர்களுக்கு யார் அடையாள அட்டை தருவார்கள்?

கணக்குப்பிள்ளை:
சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி வேலை செய்பவர்களுக்காக வந்த மத்திய அரசின் நமஸ்தே திட்டத்தில் 2024-ல் குப்பை பொறுக்குபவர்களையும் சேர்த்துவிட்டார்கள். ஆள் கணக்கெடுப்பு, அடையாள அட்டை, மருத்துவக் காப்பீடு மூன்றும் அதில் வருகின்றன. முதலில் கிடங்கு வாசலில் மேஜை போட்டுப் பெயர் எழுதட்டும்.

வடசென்னைவாசி:
எழுதி முடிக்கும்வரை வாசல் திறந்திருக்குமா?

காயலான்கடை:
திறந்துதான் இருக்க வேண்டும். பொக்லைன் ஓடுகிற பக்கத்தைக் கயிறு கட்டித் தடுக்கட்டும்.

வடசென்னைவாசி:
கயிற்றை யார் மதிப்பார்கள் சார்? இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.