ரூன்ஸ்கேப் சந்தையில் தாது விற்க முடியவில்லை, உதவுங்கள்

தண்டையார்பேட்டை அக்கா:
வணக்கம். நானும் என் தம்பியும் ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டை இலவச அக்கவுண்டில், ஆளுக்கொரு கைப்பேசியில் ஆடத் தொடங்கியிருக்கிறோம். பயிற்சித் தீவை முடித்து லம்பிரிட்ஜ் ஊருக்கு வந்தாயிற்று. மாலை முழுவதும் செம்பும் தகரமும் வெட்டிச் சேர்த்து, வேரக் நகரத்து கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் சந்தைக்குக் கொண்டுபோனால் விற்க விடவில்லை. எங்கள் தெருவில் பொழுது சாய்ந்தால் சிக்னல் இழுபறிதான். அதனால் வரும் கோளாறா? தெரிந்தவர் ஒருவர், தடையில்லாத அக்கவுண்ட் ஒன்றை ஐந்நூறு ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். தம்பி ஒற்றைக்காலில் நிற்கிறான். வாங்கலாமா?

வியாசர்பாடி வாசகன்:
வாங்காதீர்கள் அக்கா. அக்கவுண்டை விற்பதும் வாங்குவதும் விதிப்படி குற்றம். முதலில் உருவாக்கியவர் தன் பழைய விவரங்களைக் காட்டி என்றைக்கு வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பெற்றுவிடலாம். உங்கள் பணமும் உழைப்பும் சேர்ந்தே போகும்.

சிக்னலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தானியங்கி நிரல்களை ஓடவிட்டுத் தாதுவையும் விறகையும் மூட்டை மூட்டையாக விற்பவர்களைத் தடுக்கவே புதிய இலவச அக்கவுண்டுகளுக்கு இந்தக் கட்டுப்பாடு. 20 மணி நேர ஆட்டம், 10 குவெஸ்ட் (கதைப் பணி) புள்ளிகள், எல்லாத் திறன்களும் சேர்த்து மொத்த லெவல் 100 ஆகிய மூன்றும் சேர்ந்தால் தானே விலகிவிடும். அதுவரை கைச்செலவுக்குக் காசு வேண்டுமென்றால் லம்பிரிட்ஜ் பொதுக்கடையில் விற்கலாம், விலை குறைவுதான். செம்பையும் தகரத்தையும் லம்பிரிட்ஜ் உலையில் உருக்கினால் வெண்கலம் கிடைக்கும், கொல்லுத் திறனும் ஏறும். வெட்டியது எதுவும் வீணில்லை.

புள்ளிகளுக்கு மூன்றே குவெஸ்டுகள் போதும். ரோமியோ ஜூலியட்டுக்கு 5, எர்னஸ்ட் என்ற கோழிக்கு 4, சமையல்காரர் உதவிக்கு 1. சமையல்காரருக்கு முட்டை, பால், மாவு கொண்டுபோய்க் கொடுத்தால் முடிந்தது. ரோமியோவுக்காக வேரக்கின் தென்கிழக்கே சுரங்கத்தை ஒட்டியுள்ள புதர்களில் கடாவா பழம் பறிக்க வேண்டும். அதன் அருகிலேயே வேறொரு பழமும் காய்க்கும், பெயரைப் பார்த்துப் பறியுங்கள்.

லெவல் 100 என்றால் மலைப்பாக இருக்கும், ஆனால் தொடக்கத்தில் வெகு வேகமாக ஏறும். எட்டுத் திறன்களை 10-க்குக் கொண்டுவந்தாலே, மற்றவற்றின் தொடக்க லெவலும் சேர்ந்து 100 தாண்டிவிடும். லம்பிரிட்ஜ் தெற்குச் சதுப்பு நிலத்துக்கு வலையோடு போங்கள். பக்கத்தில் மரம் வெட்டி அங்கேயே தீ மூட்டுங்கள், பிடித்த இறாலை அந்தத் தீயிலேயே சுடுங்கள். ஒரே இடத்தில் நான்கு திறன்கள் வளரும். இறால் முதலில் கருகும். லெவல் ஏற ஏறக் கருகுவது குறையும், அதற்காகக் கைவிட்டுவிடாதீர்கள்.

காசிமேட்டுத் தோழன்:
சிக்னல் பற்றிக் கேட்டீர்களே. இந்த விளையாட்டு 0.6 விநாடிக்கு ஒருமுறைதான் கணக்குப் போடும். சுடும் விளையாட்டுகளைப் போல இமைப்பொழுதில் விரல் பாய வேண்டியதில்லை. ஆகவே சாதாரண மொபைல் டேட்டாவிலேயே நன்றாக ஆடலாம். உள்ளே நுழையும் முன் உலகப் பட்டியலில் (உலகம் என்றால் ஒரு சர்வர்) உங்களுக்குப் பிங், அதாவது பதில் வரும் தாமதம், குறைவாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று. எக்ஸ்சேஞ்ச் வாசலில் நின்று, "இலவசக் கவசம் தருகிறேன், என் பின்னால் வா" என்று யாராவது அழைத்தால் போகாதீர்கள். வேரக்குக்கு வடக்கே பள்ளத்தைத் தாண்டினால் வனாந்தரம். அங்கே மற்ற ஆட்டக்காரர்கள் உங்களைக் கொன்று பொருளைப் பறிக்கலாம். காசை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்பவரும் அதே ரகம். தம்பியிடம் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள். வங்கிக்கு நான்கு இலக்க ரகசிய எண்ணும் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்டையார்பேட்டை அக்கா:
மிக்க நன்றி. அந்த ஆளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ரோமியோவும் சமையல்காரரும் முடிந்தார்கள். இப்போது எர்னஸ்டுக்காக டிரேனர் மாளிகைக்குள் வந்திருக்கிறேன். முன்கதவு சாத்திக்கொண்டுவிட்டது, எவ்வளவு தட்டினாலும் திறக்கவில்லை. தம்பி வெளியே காத்திருக்கிறான்.

வியாசர்பாடி வாசகன்:
அந்தக் கதவு உள்ளிருந்து திறக்காது. வெளியேறும் வழி மாளிகையின் கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்தக் குவெஸ்டுக்கு அழுத்தமானி, ரப்பர் குழாய், எண்ணெய்க் கலம் மூன்றும் வேண்டும். போவதற்கு முன் மாடியில் மீன் தீவனத்தையும், கீழே சமையலறையில் விஷத்தையும், கீழ்த்தளத்திலேயே வேறோர் அறையில் மண்வெட்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள். தீவனத்தையும் விஷத்தையும் கலந்து நீரூற்றில் போட்டால் பிரானா மீன்கள் சாகும், அப்புறம்தான் அழுத்தமானியை எடுக்க முடியும். மண்வெட்டியால் எருக்குவியலைத் தோண்டினால் சாவி வரும். அது திறக்கும் அறையில் ரப்பர் குழாய் இருக்கிறது, எலும்புக்கூடும் இருக்கிறது. குழாயை எடுத்தவுடன் ஓடிவந்துவிடுங்கள். எண்ணெய்க் கலத்துக்குப் புத்தக அலமாரிக்குப் பின்னால் ஏணியில் இறங்க வேண்டும். கீழே ஏ முதல் எஃப் வரை ஆறு நெம்புகோல்கள். இறங்கியதும் எழுதுங்கள், வரிசையைச் சொல்கிறேன்.