நாலாம், அஞ்சாம் வகுப்புக்கு அறிவியல் புனைகதை: எதை எடுக்கலாம்?

கேள்வி: பள்ளத்தூர் டீச்சர்

காரைக்குடிப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளி. நாலும் அஞ்சும் ஒரே அறையில். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் கதைக்குத்தான். ராஜா கதை, பேய்க்கதை எல்லாம் சொல்லியாச்சு, இப்போ அறிவியல் புனைகதை சொல்ல ஆசை. கையில் கிடைக்கிற தொகுப்புகளில் பாதி விண்கலச் சண்டை. மீதியில் ஒரு விஞ்ஞானி கதையை நிறுத்திவிட்டுப் பாடம் நடத்துகிறார், பிள்ளைகள் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

பதில்: தேவகோட்டை வாத்தியார் (ஓய்வு)

டீச்சர், நான் பார்ப்பது ஒன்றைத்தான். கதை உலகத்தில் ஒரே ஒரு விஷயம் மாறியிருக்கணும். மற்றதெல்லாம், பொறாமை, கூட்டாளி சண்டை, அம்மா அதட்டல், பிள்ளைகளுக்குத் தெரிந்ததாகவே இருக்கணும். பத்து விஷயம் மாறினால் பிடிமானம் போய்விடும்.

ரே பிராட்பரி 1954-இல் எழுதிய 'ஆல் சம்மர் இன் எ டே' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக் கிரகத்தில் ஓயாத மழை. ஏழு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம்தான் வெயில். ஒன்பது வயசுப் பிள்ளைகளின் வகுப்பில், பூமியிலிருந்து வந்த மார்கோவுக்கு மட்டும் சூரியன் ஞாபகம் இருக்கிறது. அது பொறுக்காமல் மற்றவர்கள் அவளைப் பூட்டிவைக்கிறார்கள். வெயில் வந்து போய்விடுகிறது, அவள் உள்ளேயே இருக்கிறாள்.

இதை வாசித்துக் காட்டாதீர்கள், வாயால் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் "இது தப்புதானே?" என்று கேட்டுவிடாதீர்கள். அவர்களே பேசட்டும். அடுத்த வாரம் கதையைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். வானம் பார்த்த பூமி நம்முடையது. ஏழு வருஷத்துக்கு ஒருமுறை, இரண்டே மணி நேரம் மழை என்றால் ஊருணி என்ன ஆகும்? வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) விழுகிற தண்ணீரைப் பிடிக்க அப்பத்தா எத்தனை அண்டா வைப்பார்? அதில் யாருக்குப் பங்கு? பிள்ளைகள் எழுதுவதைப் பாருங்கள்!

ஒரு எச்சரிக்கை. வகுப்பில் எல்லோரும் ஒதுக்குகிற பிள்ளை யாராவது இருந்தால் இந்தக் கதை அந்தப் பிள்ளைக்கு ரொம்ப வலிக்கும். அப்போது ஐசக் அசிமோவின் 'ராபி'யை எடுங்கள். பேச்சு வராத ரோபோவும், அதற்குச் சிண்டரெல்லா கதை சொல்கிற எட்டு வயசு குளோரியாவும். கொஞ்சம் நீளம், இரண்டு வாரமாகப் பிரிக்கலாம்.

பதில்: சிக்ரி அப்பா (சிக்ரி: காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிலையம்)

வாத்தியார் ஐயா, வெள்ளியின் தரையில் வெப்பம் சுமார் 460 டிகிரி. ஈயமே 327-இல் உருகிவிடும். மழையாவது! தப்பான அறிவியலைப் பிள்ளைகள் மனசில் ஏற்றலாமா?

பதில்: தேவகோட்டை வாத்தியார் (ஓய்வு)

நல்ல கேள்வி தம்பி. பிராட்பரி எழுதினபோது வெள்ளியின் மேகத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. 1962-இல் மரைனர் 2 பக்கத்தில் போய்ப் பார்த்துத்தான் அது கொதிக்கிற கிரகம் என்று உறுதியானது. கதை முடிந்த பிறகு இதைச் சொல்லணும், முன்னாடி சொல்லக்கூடாது. பெரியவர்கள் நினைத்ததை ஒரு விண்கலம் போய் மாற்றிவிட்டது என்று கேட்கும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். நீங்களே ஒருநாள் வந்து சொல்லுங்களேன்.

பதில்: கண்டனூர் ஆச்சி

டீச்சர், புத்தகத்தில் இல்லாத கதையும் சொல்லலாம். எங்க ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் பண்ண, போன காலத்தில் இங்கிருந்து ஒரு கேள்வி எழுதினால், பதில் கப்பலில் வர வாரக்கணக்காகும். அதற்குள் கேட்டதே மறந்துபோகும். செவ்வாய்க்கு ரேடியோ செய்தி போக, கிரகம் இருக்கிற தூரத்தைப் பொறுத்து 3 நிமிஷத்திலிருந்து 22 நிமிஷம் வரை ஆகுமாம். திரும்பி வர அதே அளவு. செவ்வாயில் வேலைபார்க்கிற அப்பாவிடம் ஒரு பிள்ளை, "நாய்க்குட்டி வாங்கவா?" என்று கேட்கிறது. பதில் வருகிறதுக்குள் என்னவெல்லாம் நடக்கும்? பேரனுக்கு இதைச் சொன்னேன், நாய்க்குட்டிக்குப் பேர்கூட வைத்துவிட்டான்.

பதில்: பள்ளத்தூர் டீச்சர்

ஆச்சி, இதைத்தான் முதலில் எடுக்கப்போகிறேன். அஞ்சாம் வகுப்பு செவ்வாய், நாலாம் வகுப்பு கண்டனூர். கேள்வியைச் சீட்டில் எழுதி இன்டர்வலுக்கு முன்னாடி கொடுக்கணும், பதில் இன்டர்வல் முடிந்துதான். மார்கோ கதை கொஞ்ச நாள் கழித்து. புதுசாகச் சேர்ந்த பிள்ளை ஒருத்தி இன்னும் யாரோடும் ஒட்டவில்லை. சிக்ரி சார், வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு உங்களால் வர முடியுமா?