பாட்டனாரின் 48 பொத்தான் கொன்சர்ட்டினா: யாரிடம், எப்படி விற்பது?

ஊவாக்காரன் (பண்டாரவளை):

அனைவருக்கும் வணக்கம். என் பாட்டனார் அப்புத்தளைப் பக்கத் தோட்டமொன்றில் டீமேக்கராக இருந்தவர். 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது, நாடு திரும்பிய துரை ஒருவர் பங்களாச் சாமான்களை வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்; அப்போது பாட்டனாரின் கைக்கு ஒரு கொன்சர்ட்டினா (இரு கைகளாலும் இழுத்து அமுக்கி வாசிக்கும் சிறிய துருத்திக் கருவி) வந்தது. பல வருடங்கள் ஞாயிறு ஆராதனையில் கீர்த்தனைகளுக்கு அதைத்தான் வாசித்தார் என்று அம்மா சொல்வார். அவருக்குப் பிறகு வீட்டில் வாசிக்கத் தெரிந்தவர் இல்லாததாலும், தங்கையின் படிப்புச் செலவு நெருக்குவதாலும், அதை விற்றுவிடலாமென முடிவு செய்திருக்கிறோம்.

பெட்டி ஆறு பக்க வடிவமுடையது. இரு முனைகளிலும் பூவேலையாகக் குடைந்த செந்நிற மரம். இடப்பக்கம் 20, வலப்பக்கம் 28 என மொத்தம் 48 வெள்ளைப் பொத்தான்கள் உள்ளன. இரு பக்கமும் அவை ஐந்து நிரல்களாக நிற்கின்றன. கையை நுழைத்துப் பிடிக்கத் தோல் பட்டி உண்டு. வலது முனையிலுள்ள சிறிய நீள்வட்டத் துளைக்குள் 'லாஷனல், இலண்டன்' என்று அச்சிட்ட தாளும், இடது முனையில் ஓர் எண்ணும் தெரிகின்றன. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் துருத்தியை இழுக்கும்போதும் அமுக்கும்போதும் ஒரே சுரம்தான் கேட்கிறது. இணையத்தில் கொன்சர்ட்டினா கற்பிக்கும் காணொளிகளைப் பார்த்து விரல் வைத்தால் ஒன்றுமே ஒத்துவரவில்லை.

கொழும்பிலிருந்து வந்த பழம்பொருள் வியாபாரி ஒருவர், "இது அக்கார்டியனுமில்லை, ஆர்மோனியமுமில்லை; பொத்தான் வரிசையே பிழையாக இருக்கிறது" என்று சொல்லி, ஒரு மாதப் பலசரக்குச் செலவுக்கும் காணாத தொகையைக் கேட்டார். மறுபுறம், இப்படி அபூர்வமான அமைப்பென்றால் இலட்சக்கணக்கில் போகும் என்கிறார் என் நண்பர். இவர்களில் யார் சொல்வதை நம்புவது? விற்பதற்கு முன் பழுது பார்க்க வேண்டுமா?

துருத்திக்காரர் (கண்டி):

தம்பி, இருவர் சொன்னதையும் தள்ளிவையுங்கள். ஆர்மோனியமும் அக்கார்டியனும் பழுது பார்ப்பதே என் தொழில். கொன்சர்ட்டினாக்கள் சிலவும் மேசைக்கு வந்து போயிருக்கின்றன. நீங்கள் கொடுத்த விவரத்திலேயே பாதி விடை இருக்கிறது.

கொன்சர்ட்டினாவில் மூன்று பெரிய குடும்பங்கள் உண்டு. சார்ல்ஸ் வீட்ஸ்டன் 1844 இல் காப்புரிமை பெற்ற இங்கிலிஷ் முறையில் சுர வரிசை இடக்கைக்கும் வலக்கைக்கும் மாறி மாறிப் போகும். கட்டைவிரலுக்கு ஒரு வளையமும் சுண்டுவிரலுக்கு ஓர் உலோகத் தாங்கியும் இருக்கும். ஆங்கிலோ முறையில் தோல் பட்டி உண்டு, ஆனால் ஒரே பொத்தான் இழுக்கும்போது ஒரு சுரமும் அமுக்கும்போது வேறொரு சுரமும் தரும். மூன்றாவது டூயட். இதில் தாழ்ந்த சுரங்கள் இடக்கையிலும் உயர்ந்த சுரங்கள் வலக்கையிலும் இருப்பதால், பியானோ வாசிப்பவர் போல ஒரு கையால் பாட்டையும் மற்றக் கையால் துணைச் சுரங்களையும் வாசிக்கலாம். எந்தப் பக்கம் காற்றுப் போனாலும் சுரம் மாறாது. உங்களுடையது டூயட் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

டூயட்டிலும் கிளைகள் உண்டு. 1884 இல் காப்புரிமை பெற்ற மெக்கேன் முறையில் பொத்தான்கள் ஆறு நிரல்களாக நிற்கும். உங்களுடையதைப் போல ஐந்து நிரல், இடம் 20, வலம் 28 என்றால் அது கிரேன் முறை. இதற்கு பட்டர்வர்த் என்பவர் 1896 இல் காப்புரிமை பெற்றார்; லிவர்பூலில் இருந்த கிரேன் அன்ட் சன்ஸ் என்ற இசைக்கருவிக் கடை அதைச் சந்தைப்படுத்தியதால் கடையின் பெயரே முறையின் பெயராயிற்று. இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ அமைப்பினர் அதையே 'ட்ரையம்ஃப்' என்ற பெயரில் தங்கள் ஊழியத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். நான்கு குரல் ஞானப்பாட்டை ஒற்றை ஆளாக நின்றுகொண்டே வாசிக்க இது வெகு பொருத்தம். உங்கள் பாட்டனார் கீர்த்தனைக்கு அதை எடுத்ததில் வியப்பில்லை.

ஒரு சோதனை செய்து பாருங்கள். கிரேன் முறையில் நடுவிலுள்ள மூன்று நிரல்களில் பியானோவின் வெள்ளைக் கட்டைச் சுரங்களும், இரு ஓர நிரல்களில் கறுப்புக் கட்டைச் சுரங்களும் இருக்கும். கைபேசியில் சுருதி காட்டும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டு, ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி எந்தச் சுரம் என்று எழுதுங்கள். வியாபாரி 'பிழை' என்று சொன்ன வரிசையின் ஒழுங்கு அந்தத் தாளில் தெரிந்துவிடும்.

இனி விலை. அபூர்வம் என்பதாலேயே விலை ஏறும் என்று நினைக்க வேண்டாம். இந்தக் கருவியின் விடயத்தில் அது பெரும்பாலும் தலைகீழ். இன்று கொன்சர்ட்டினாவுக்கு மிகப் பெரிய சந்தை அயர்லாந்து இசை வாசிப்பவர்களுடையது. அவர்கள் தேடுவது ஆங்கிலோ. ஜெஃப்ரீஸ் செய்த 30 பொத்தான் ஆங்கிலோ நல்ல நிலையில் இருந்தால் பல ஆயிரம் ஸ்டெர்லிங் பவுணுக்குப் போகும். அதே காலத்து, அதே அளவு கைவேலையுள்ள டூயட்டுக்கு அதில் ஒரு பங்குதான் கிடைக்கும், ஏனென்றால் அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் உலகம் முழுவதிலும் மிகச் சிலர். இந்த விலை வித்தியாசத்தால் ஒரு அநியாயமும் நடக்கிறது: டூயட்டுகளை, குறிப்பாக ஜெஃப்ரீஸ் டூயட்டுகளை, மலிவாக வாங்கி உள்ளே உள்ள நாக்குகளை (காற்றில் அதிர்ந்து சுரம் எழுப்பும் உலோகத் தகடுகளை) இடம் மாற்றி ஆங்கிலோவாக ஆக்கி விற்றவர்கள் உண்டு. உங்களுடையதைக் கிரேன் வாசிக்கிற ஒருவரிடமே கொடுக்கப் பாருங்கள். அவர் ஒருவருக்குத்தான் இந்தப் பொத்தான் வரிசைக்கு மதிப்பு உண்டு. மற்றவர்கள் மரத்துக்கும் நாக்குக்கும் மட்டும் விலை பேசுவார்கள்.

காலத்தைக் கணிப்பதும் கடினமில்லை. வீட்ஸ்டன் கம்பனியின் விற்பனைப் பேரேடுகள் இலண்டன் ஹோர்னிமன் அருங்காட்சியகத்தில் உள்ளன. எண்ணைப் பார்த்து நாளைச் சொல்லலாம். உங்கள் கருவியைச் செய்த லாஷனல் கம்பனிக்கு அப்படிப் பேரேடு கிடையாது. எனினும் காப்புரிமை 1896, லாஷனல் மூடப்பட்டது 1930களில். உங்கள் கருவி இந்த இடைவெளியில் பிறந்தது. துல்லியமான வருடத்தைச் சொல்லி விற்க முயலாதீர்கள், வாங்குபவர் உங்களைவிட விவரம் தெரிந்தவராக இருப்பார்.

பழுதுபார்ப்பைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்கிறேன்: எதையும் தொடாதீர்கள். இதன் ஒவ்வொரு நாக்கும் தனிப் பித்தளைச் சட்டத்தில் பொருத்தப்பட்டு, மரப் பலகையில் வெட்டிய காடிக்குள் செருகப்பட்டிருக்கும். நம் பக்கத்து ஆர்மோனியக்காரர்கள் கையோட்டமாக நாக்கைச் சுரண்டிச் சுருதி சேர்ப்பது போல இதைச் சேர்க்க முடியாது. நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும், போன உலோகம் திரும்பி வராது. துருத்தித் தோலுக்குத் தேங்காயெண்ணெய் பூசுவதும், பூஞ்சணம் போக வெயிலில் வைப்பதும் அதைவிட மோசம். உங்கள் ஊரில் வறண்ட கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மரம் சுருங்கி நாக்குச் சட்டங்கள் தளர்ந்திருக்கலாம், வடகீழ்ப் பருவ மழையில் திரும்ப ஊதி இறுகியிருக்கலாம்; மங்கலாக அல்லது அதிர்வோடு ஒலிக்கிற சுரங்கள் பல, ஈரப்பதம் சீரானாலே சரியாகிவிடும். துணியைச் சுற்றி, ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொட்டலம் இரண்டு போட்டு, துருத்தி மூடியபடி படுக்கையாக வையுங்கள். அதாவது பொத்தான் உள்ள முனைகள் மேலும் கீழுமாக இல்லாமல் இடமும் வலமுமாக இருக்க வேண்டும். உள்ளேயுள்ள தோல் வால்வுகள் வளையாமலிருக்க அதுவே நல்லது.

அட்டன் ரயிலடி:

துருத்திக்காரர் ஐயா கருவியைப் பற்றி நிறைவாகச் சொல்லிவிட்டார். வெளிநாட்டுக்கு அனுப்புவதானால் பேசவேண்டிய காகித வேலையைப் பற்றி நான் சொல்கிறேன்.

இலங்கையிலிருந்து பழம்பொருட்களை வெளியே அனுப்புவதை 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. இங்கிலாந்தில் செய்த கருவிதானே என்று நாமே முடிவு செய்துகொண்டு தபாலில் போட்டால் சுங்கத்தில் நின்றுவிடும். படங்களோடு கொழும்பு 7 இலுள்ள தொல்பொருள் திணைக்களத்துக்கு எழுதி, அனுமதிப்பத்திரம் வேண்டுமா, வேண்டாமா என்பதை எழுத்திலேயே பெற்றுக்கொள்ளுங்கள். வாங்குபவரிடம் பணம் பெறுவதற்கு முன் இதைச் செய்வது முக்கியம்.

இரண்டாவது, மரமும் பொத்தானும். முனைகள் மஹோகனி என்றால் செய்து முடித்த கருவிக்குத் தடையில்லை. ரோஸ்வுட் என்றால் கவனம் தேவை: அருகிவரும் உயிரினங்களுக்கான சைட்டிஸ் உடன்படிக்கையில் 2019 இல் இசைக்கருவிகளுக்கு விலக்களித்தபோதும் பிரேசில் ரோஸ்வுட் அதில் சேரவில்லை, 1992 முதல் அது கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. வெள்ளைப் பொத்தான்கள் பெரும்பாலும் எலும்பாகத்தான் இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். எலும்பில் ஊசி குத்தியது போல நுண்ணிய கரும்புள்ளிகளும் கீற்றுகளும் தெரியும். தந்தம் என்றால் இங்கிலாந்தில் தனிச் சட்டமே இருக்கிறது, அந்தத் தலைவலி வேறு.

தலவாக்கலையான் (இலண்டன்):

நான் கிரேன் வாசிப்பவனில்லை. இங்கிலிஷ் முறைக் கருவி ஒன்று வைத்திருக்கிறேன். இங்கே வாங்குபவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதல் கேள்வி, நாக்கு எஃகா பித்தளையா என்பது. எஃகு நாக்குள்ளவற்றுக்கு மதிப்பு அதிகம். இரண்டாவது, சுருதி. அக்காலக் கருவிகள் பல பழைய உயர் சுருதியில் செய்யப்பட்டவை. அதில் ஏ என்ற சுரம் ஏறத்தாழ 452 ஹேர்ட்ஸ். இன்றைய அளவு 440. வித்தியாசம் கிட்டத்தட்டக் கால் சுரம் என்பதால் மற்றக் கருவிகளோடு சேர்ந்து வாசிக்க முடியாது, முழுவதும் திரும்பச் சுருதி சேர்க்கும் செலவை வாங்குபவர் விலையில் கழிப்பார். மூன்றாவது, துருத்தி. அதை மூடிப் பிடித்து, ஒரு முனையை மேலே தூக்கி, பொத்தான் எதையும் அழுத்தாமல் மறுமுனை தன் எடையில் இறங்க விடுங்கள். கீழே கையை வைத்திருங்கள். மெதுவாக இறங்கினால் காற்று ஒழுகவில்லை. சட்டென்று விழுந்தால் எங்கோ ஓட்டை.

பழுதைப் பற்றி ஐயாவோடு ஓரளவு மாறுபடுகிறேன். தேர்ந்த கொன்சர்ட்டினாத் தொழிலாளி ஒருவர் சீராக்கிய கருவி, அப்படியே விற்பதைவிடத் தெளிவாக அதிக விலைக்குப் போகும். ஆனால் அந்தத் தொழிலாளிகள் பெரும்பாலும் இங்கிலாந்து போன்ற வெளிநாடுகளில்தான் இருக்கிறார்கள், வரிசையும் நீளம். செலவை முன்கூட்டிப் போடும் வசதியும் காத்திருக்கும் பொறுமையும் இருந்தால் மட்டுமே அந்த வழி. 1952 இல் தொடங்கிய சர்வதேசக் கொன்சர்ட்டினாச் சங்கம் ஒன்று இங்கே இருக்கிறது. டூயட் வாசிப்பவர்கள் புழங்குமிடம் என்பதால், பொது ஏலத் தளத்தில் போடுவதற்கு முன் அவர்களுக்கு எழுதிப் பார்ப்பது நல்லது.

கிறகரி வாவி (நுவரெலியா):

ஏன் எல்லாரும் வெளிநாட்டையே சொல்கிறீர்கள்? மலையகத்தில் இரட்சணிய சேனையின் பழைய குடும்பங்களில் ட்ரையம்ஃப் வாசித்த பெரியவர்கள் இருந்திருக்கிறார்கள். சேனை இலங்கைக்கு வந்ததே 1883 இல். விலை குறைந்தாலும் இங்கேயே ஒருவர் வாசிப்பார். கேட்டாவது பாருங்கள்.

ஊவாக்காரன் (பண்டாரவளை):

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. சொன்ன சோதனைகளைச் செய்தேன். நடு நிரல்கள் மூன்றிலும் வெள்ளைக் கட்டைச் சுரங்களும், ஓரங்களில் மற்றவையும் இருக்கின்றன. ஆகவே கிரேன் என்பது உறுதி. செயலி எல்லாச் சுரங்களையும் ஏறத்தாழ ஒரே அளவு கூடுதலாகக் காட்டுகிறது. பழைய சுருதி என்றே கொள்கிறேன். இடக்கையில் இரண்டு சுரங்கள் ஊமை. மறுமுனை நிதானமாகவே இறங்கியது. பொத்தான்களில் கரும்புள்ளிகள் உள்ளன. திணைக்களத்துக்குக் கடிதம் எழுதிவிட்டேன். நுவரெலியா நண்பர் சொன்னபடி இங்கேயும் விசாரிப்பேன், ஆனால் தங்கையின் படிப்பை நினைக்கும்போது விலையை மிகவும் விட்டுக்கொடுக்க முடியாது. நாக்கு எஃகா என்று பார்க்கத் திறக்கலாமா, ஐயா?

துருத்திக்காரர் (கண்டி):

திறக்கலாம், ஆனால் ஒரு முனையை மட்டும். முனைப்பலகையைச் சுற்றி ஆறு நீளத் திருகாணிகள் இருக்கும். அவற்றின் காடிக்குச் சரியாகப் பொருந்துகிற திருப்புளி இல்லாவிட்டால் தொடவே வேண்டாம். ஒவ்வொன்றையும் எந்தத் துளையிலிருந்து எடுத்தீர்களோ அந்தத் துளைக்கே திருப்பிப் போடவேண்டும் என்பதால், ஒரு அட்டையில் அறுகோணம் வரைந்து அந்தந்த மூலையில் குத்திவையுங்கள். நாக்குப் பலகை தெரியும். எஃகு சாம்பல் நிறமாகவும், ஈரம் பட்ட இடத்தில் செம்பழுப்புத் துருவோடும் இருக்கும், பித்தளை மஞ்சளாக இருக்கும். துருவைத் துடைக்க வேண்டாம். வெளியே உள்ள எண் அந்தப் பலகையிலும் குத்தப்பட்டிருக்கிறதா என்று பார்த்துப் படமெடுங்கள். இரண்டும் ஒத்திருந்தால் பாகங்கள் மாறாத கருவி என்று வாங்குபவர் நம்புவார். ஊமையான சுரங்களில் ஒரு தூசியோ நூலோ சிக்கியிருந்தால் மெல்லிய தாளை நாக்குக்கும் சட்டத்துக்கும் இடையே நுழைத்து எடுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

விளம்பரத்தை இப்படி எழுதுங்கள்: "லாஷனல், இலண்டன். கிரேன் முறை டூயட், 48 பொத்தான், இடம் 20, வலம் 28. எலும்புப் பொத்தான்கள். பழைய உயர் சுருதி. திரும்பச் சுருதி சேர்க்கப்படவில்லை. இடக்கையில் இரண்டு சுரங்கள் ஒலிக்கவில்லை. துருத்தி காற்றுப் பிடிக்கிறது. நாங்கள் பழுது பார்க்கவில்லை. ஒரே குடும்பத்தில் 1975 முதல். ஒவ்வொரு பொத்தானின் ஒலிப்பதிவும் உள்ளே எடுத்த படங்களும் கேட்டால் அனுப்பப்படும்." நாக்கு என்ன உலோகம் என்று தெரிந்ததும் அதை முதல் வரியிலேயே சேருங்கள். முதல் ஆள் கேட்கிற தொகைக்கு உடனே சரி சொல்லாமல், கிரேன் வாசிக்கிற மூவரிடமாவது விலை கேட்ட பிறகு பேசுங்கள்.