ரஸ்ட்: சூப்பர்ட்ரெய்ட்ட நம்புற கம்பைலர் ஸ்ட்ரக்ட் பவுண்ட மட்டும் ஏன் நம்ப மாட்டேங்குது?

மாட்டுத்தாவணி_மாப்ள:
அண்ணே ஒரு டவுட்டு. மாமா பூ மார்க்கெட்ல கமிஷன் கடை வச்சிருக்காரு, அவருக்கு கணக்கு போட ரஸ்ட்ங்கிற புரோகிராமிங் மொழில ஒரு சின்ன புரோகிராம் எழுதிட்டு இருக்கேன். 'ட்ரெய்ட் சரக்கு: விலை'னு வச்சிருக்கேன் (ட்ரெய்ட்னா ஒரு டைப்புக்கு என்னென்ன மெத்தட் இருக்கணும்ங்கிற பட்டியல்; இங்க விலைதான் சரக்கோட சூப்பர்ட்ரெய்ட்), ஃபங்ஷன்ல 'டி: சரக்கு'னு மட்டும் குடுத்தாலே விலையோட மெத்தட் எல்லாம் ஓடுது. ஆனா 'ஸ்ட்ரக்ட் பேரேடு<கே: ஹாஷ் + ஈக்யூ>'னு டேட்டாவ சேத்து வைக்கிற டைப்ப எழுதிட்டு கீழ 'இம்ப்ள்<கே> பேரேடு<கே>'னு மெத்தட் எழுதுற பகுதிய போட்டா உடனே ஈ0277ங்கிற எரர், கே-க்கு ஹாஷ் இல்லையாம். மேலதானய்யா எழுதிருக்கு, கண்ணு தெரியாதா அதுக்கு?

சிம்மக்கல்காரன்:
மாப்ள ரெண்டும் வேற வேற கேஸு. ஜெனரிக் ஃபங்ஷன (பல டைப்புக்கும் பொதுவா எழுதுறது) செக் பண்ணும்போது கம்பைலர் நீ குடுத்த பவுண்ட, அதாவது 'இந்த டைப்புக்கு இந்த ட்ரெய்ட் இருக்கணும்'ங்கிற கண்டிஷன எல்லாம் ஒரு லிஸ்ட்டா எடுத்துக்கும், பேரம் என்வ்னு சொல்லுவாய்ங்க. அதுல 'டி: சரக்கு' இருந்தா அதோட சூப்பர்ட்ரெய்ட், அதுக்கும் மேல இருக்க சூப்பர்ட்ரெய்ட்னு ஏறிப்போய் எல்லாத்தையும் அதுவே சேத்துக்கும். அசோசியேட்டட் டைப்புக்கு (ட்ரெய்ட்டுக்குள்ளயே பேர் வச்ச டைப்பு) போட்ட பவுண்டும் அப்படித்தான், ட்ரெய்ட்ல 'டைப் அளவு: டிஸ்ப்ளே'னு இருந்தா மறுபடி சொல்ல வேணாம். இந்த சலுகை அம்புட்டுதான். 'ட்ரெய்ட் ஏலம்<டி> வேர் டி: க்ளோன்'னு எழுதிப் பாரு, 'ஏலம்<டி>'ய பவுண்டா போடுற எடத்துல எல்லாம் அந்த க்ளோன நீதான் திரும்ப எழுதணும். ஸ்ட்ரக்ட் பவுண்டும் அதே கததான், அந்த டைப்போட பேரச் சொன்னாலே நிரூபின்னு கேக்கும், தானா எடுத்துக்காது.

திருமங்கலம்_ஜாவா:
அப்ப இது ஜாவால மேல இருக்க கிளாஸோட கோட அப்படியே வாங்கிக்கிற எக்ஸ்டெண்ட்ஸ் மாதிரி இல்லையா?

சிம்மக்கல்காரன்:
இல்லங்க. சரக்குக்கு இம்ப்ள் எழுதுனா விலைக்கு தனியா ஒரு இம்ப்ள் எழுதியே ஆகணும், மேல இருந்து கோடு எதுவும் எறங்கி வராது. விலை இருந்தாத்தான் சரக்குங்கிற கண்டிஷன், அவ்வளவுதான்.

மேலூர்_அக்கா:
தம்பி, ஸ்ட்ரக்ட்ல பவுண்டே போடாத. ஸ்டாண்டர்ட் லைப்ரரில கீ-வேல்யூவா சேத்து வைக்கிற ஹாஷ்மேப்ப தொறந்து பாரு, ஸ்ட்ரக்ட்ல கே-க்கு ஒரு பவுண்டும் கெடையாது, இன்சர்ட், கெட் இருக்க இம்ப்ள்ல தான் ஈக்யூவும் ஹாஷும் இருக்கும், நியூவுக்கு கூட வேணாம். கம்பைலர் தானா எடுத்துக்கிட்டா என்ன கொறஞ்சு போச்சுன்னு நானும் கேட்டவதான், ஆனா அப்படி இருந்தா ஸ்ட்ரக்ட் எழுதுனவரு நாளைக்கு அந்த பவுண்ட எடுத்துட்டாருன்னா அத நம்பி எழுதுன மத்தவங்க கோடு எல்லாம் ஒடையும். ஆர்எஃப்சி 2089ங்கிற ரஸ்ட் மாற்றத் திட்டத்துல இத கொண்டு வரலாம்னு ஒத்துக்கிட்டும், எல்லாரும் பயன்படுத்துற ஸ்டேபிள் வெர்ஷனுக்கு இன்னும் வரல. லைஃப்டைமுக்கு (ஒரு ரெஃபரன்ஸ் எதுவரைக்கும் செல்லும்ங்கிற கணக்கு) மட்டும் இப்பவே தானா எடுத்துக்குது, அது என்ன ஓரவஞ்சனையோ.

மாட்டுத்தாவணி_மாப்ள:
இம்ப்ள்க்கு மாத்திட்டேன்க்கா, கம்பைல் ஆயிருச்சு. இன்னொன்னு, பாக்ஸ்ல இருக்க 'டைன் சரக்கு'வ (உள்ள எந்த டைப்புன்னு ஓடும்போதுதான் தெரியுற ட்ரெய்ட் ஆப்ஜெக்ட்) 'டைன் விலை'யா மாத்த முடியுமா? எனக்கு எரர் அடிக்குது.

சிம்மக்கல்காரன்:
உன் வெர்ஷன் பழசா இருக்கும். ரஸ்ட் 1.86ல இருந்து நேராவே மாறும். ரஸ்டப் அப்டேட் அடிச்சுட்டு பாரு.